மருந்தை முடிச்சிட்டன்

சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, தகப்பனின் புருவத்தில் ஒட்டியிருந்த மாவைத் துடைக்க இராசேஸ்வரி குனிந்தபோது, "தொடாதை பிள்ளை" என்று ஊர்த் தலைமைக்காரர் விதானையார் வாசலில் நின்றபடி சொன்னார். அதட்டலாக இல்லை. ஆனால் வீட்டுக்குள் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"விசாரணைக்காரர் வந்து பாத்து முடியுமட்டும் ஒருதரும் கை வைக்கக்கூடாது. கிடந்தபடி கிடக்கட்டும்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஐயாவின் புருவத்திலும் காதோரத்து நரையிலும் அரிசிமாவைப் போல மெல்லிய தூள் படிந்திருந்தது. சுற்றியிருந்த பெண்கள் ஒருமுறை அண்ணாந்து, சுவருக்குச் சுவர் குறுக்கே கிடந்த தீராந்தி மரத்தைப் பார்த்தார்கள். செத்த பிறகும் மனுசன்ர முகத்தில உளுமா கொட்டுது என்று யாரோ கிசுகிசுத்தார்கள். கனகலிங்கத்தின் வீட்டுக் கூரைமரம் உளுத்துப்போன கதை குளத்துக்குக் கீழே குடியேறிய அத்தனை பேருக்கும் தெரியும். இப்போது அதோடு இன்னொரு கதையும் சேர்ந்துவிட்டது. கனகலிங்கத்தார் மருந்து குடித்துவிட்டார்.

காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்துதான், மிளகாய்ச் செடிக்கு அடிப்பதும் மருந்துதான். ஆனால் இன்னார் மருந்து குடித்துவிட்டார் என்று குரலைத் தாழ்த்தி ஒருவர் சொன்னால், அந்தப் பக்கத்தில் எந்த மருந்து என்று யாரும் கேட்பதில்லை. ஏன் என்றுதான் கேட்பார்கள். ஏன் என்பது இராசேஸ்வரிக்குத் தெரியும். நேற்றுப் பின்னேரம் தொடக்கம் அவளுக்கு வேறு ஒன்றுமே தெரியவில்லை.

வீடு கட்டி ஏழு வருசம். ஐம்பத்துநாலில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் காணி கண்டபோது, கூரைக்கு வேண்டிய பாலை மரத்தை ஐயாவே தேடிப்பார்த்துத் தறித்தார். வண்டிலில் மரம் இழுத்துக் கொடுத்த, வீட்டார் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் முல்லைத்தீவுக் கச்சு முகம்மது அப்போதே சொன்னார். வளர்பிறையில் மரத்தில் பால் ஏறியிருக்கும், தறிக்காதே, தேய்பிறை வரட்டும், தறித்த மரத்தையும் மூன்று மாதம் குளத்தில் ஊறப்போடு, தோலுக்கு அடுத்த வெள்ளைப் பகுதி, வெளிறு, அதைச் செதுக்கி எறிந்துவிட்டுத்தான் கூரையில் ஏற்றவேண்டும் என்றார். நல்ல மரம் தேடி ஒரு மாதம் காட்டில் அலைந்த மனிதர் இன்னும் பதினைந்து நாள் பொறுத்திருக்கலாம். ஆனால் மாரி தலைக்குமேல் வந்து நின்றது, பெண்சாதி பிள்ளைகள் ஓலைக் கொட்டிலில் நனைந்துகொண்டு கிடந்தார்கள். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை. வளர்பிறையில் தறித்த மரம் பச்சையாக, வெளிறும் போகாமல் கூரையில் ஏறிவிட்டது.

ஐந்து வருசம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் அம்மா பாயைத் தட்ட, பாய் முழுக்க மா. ஐயா அதைக் கறையான் என்று நினைத்தார். சுவரடியில் சாம்பல் போட்டார், உப்புத் தண்ணீர் ஊற்றினார், புற்று எங்கே என்று வளவெல்லாம் கிண்டினார். தின்கிறவன் மேலே இருக்க, கீழே ஒரு வருசம் காவல் நடந்தது. வீட்டில் மூடியில்லாத பாத்திரம் இல்லையென்று ஆகிவிட்டது. தண்ணீர்க் குடத்துக்கு மூடி, சோற்றுச் சட்டிக்கு மூடி, தேத்தண்ணீர்க் கோப்பைக்குக்கூட ஒரு சிரட்டை மூடி.

மூட முடியாமல் போனது ஒரே ஒரு கோப்பைதான். போன மாதம் கனகராயன்குளத்திலிருந்து இராசேஸ்வரியைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்களுக்குச் சிரட்டையால் மூடிய கோப்பையையா கொடுக்கமுடியும்? மாப்பிள்ளையின் தாய்மாமன் கோப்பையைக் கையில் எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகாமல் உள்ளே பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். "வீடு கட்டி எத்தினை வருசம்?" என்று மட்டும் கேட்டார். அந்த வீட்டையும் வளவையும்தான் அவளுக்குச் சீதனமாகப் பேசியிருந்தது.

அவர்கள் போன அடுத்த நாளே ஐயா கச்சு முகம்மதுவுக்கு ஆள் அனுப்பினார். அவர் வந்து ஏணியில் ஏறி, கத்திப்பிடியால் ஒவ்வொரு மரத்தையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். மாவை விரலில் எடுத்துத் தேய்த்தார். "கறையான் எண்டால் மண்ணால வழி கட்டிக்கொண்டு வரும். இது வழி கட்டேல்லை. பாருங்கோ, குண்டூசித் தலையளவு துவாரம். இது உளு. மரத்துக்குள்ள இருக்கிற சின்ன வண்டு. மா வெள்ளையாய் இருக்கு, அப்ப இன்னும் உயிரோடதான் தின்னுது" என்றார். மருந்தும் அவர்தான் சொன்னார். மிளகாய்க்கு அடிக்கிற மருந்தை மண்ணெண்ணெயில் கலந்து, துவாரத்துக்குத் துவாரம் துளி துளியாக விட்டு, மெழுகால் அடைக்க வேண்டும். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, கிழமைக்கு ஒரு மரம், அதற்குமேல் கூடாது. துளி விடுவதற்கு மகளின் தையல் மெசின் எண்ணெய்க் குப்பியை ஐயா இரவல் கேட்டு வாங்கினார். சொந்த மகளிடம் அவர் கேட்ட விதம் அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. மூன்று கிழமையில் மூன்று மரம் முடிந்தது, இன்னும் எட்டு மரம் இருந்தன.

முந்தாநாள் தரகர் வந்தார். கனகராயன்குளத்தார் வேண்டாம் என்றுவிட்டார்கள். சும்மா வேண்டாம் என்றிருந்தால் பரவாயில்லை. தலையில விழப்போற வீட்டைச் சீதனம் எண்டு வாங்க எங்களுக்கென்ன விசரோ என்று கேட்டார்களாம். தரகரும் அதை ஒரு சொல் குறையாமல் ஒப்புவித்துவிட்டு, தேத்தண்ணீர் குடியாமல் போனார்.

நேற்றுக் காலை ஐயா பின்விறாந்தையில் குந்தியிருந்து மருந்து கலக்கத் தொடங்கியபோது, இரவெல்லாம் நித்திரையில்லாத இராசேஸ்வரி அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"இனி ஆருக்கு ஐயா உந்த வேலை? இந்த வீடு மாதிரித்தான் எங்கட நிலையும். வெளியில மரம், உள்ளுக்கு மா. மரத்துக்கு விட்டு என்ன கண்டது? அந்தப் போத்தலை எனக்குத் தாங்கோ. நான் குடிச்சிட்டுக் கிடக்கிறன். உங்களுக்கும் ஒரு தலையிடி குறையும்."

குசினி வாசலில் அம்மா அன்னபாக்கியம் அகப்பையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஐயா மகளைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த போத்தலைப் பார்த்து, மெதுவாகத் தக்கையை இறுக்கினார். "மிளகாய் பழுத்துக் கொட்டுது. கொம்மாவோட போய் ஆய்ஞ்சுகொண்டு வா பிள்ளை" என்றார். அவ்வளவுதான் அவர் அவளிடம் பேசியது.

பின்னேரம் தோட்டத்துக்கு ஆள் ஓடி வந்தது. மிளகாய் எரிகிற கையோடு இருவரும் வந்து சேர்ந்தபோது, லொறிக்காரன் லாபிர் லொறியை வாசற் படலைக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான், ஏற்றுவதற்கு உயிர் இருக்கவில்லை. பக்கத்து வளவு இலட்சுமிதான் கடைசியில் பக்கத்தில் இருந்தவள். அவர் கடைசியாகச் சொன்னதையும் அவள்தான் கேட்டாள். கேட்டதை அவள் வந்தவர் போனவர் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்லி என்ன, உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா?

இன்று காலை எட்டு மணிபோல அண்ணன் கதிர்காமநாதன் வந்து இறங்கினான். ஆனையிறவு உப்பளத்தில் வேலை. செய்தி கேட்டபடியே புறப்பட்டிருக்க வேண்டும், காற்சட்டையின் கால் மடிப்பில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. தகப்பனின் காலடியில் விழுந்து அழுதான். அழுது முடிந்ததும் தங்கையைக் குசினிக்குள் கூப்பிட்டான். அம்மாவும் பின்னால் வந்தாள்.

"வழியெல்லாம் சொல்லுறாங்கள். ஐயா சும்மா போத்தலைத் தூக்கிற மனுசனே? ஆர் என்ன சொன்னது? வீட்டில என்ன கதை நடந்தது?"

இராசேஸ்வரி தாயைப் பார்த்தாள்.

"ஒரு கதையும் இல்லை" என்றாள் அம்மா.

"அப்ப ஏன் 'பிள்ளைக்குச் சொல்லு' எண்டவர்?"

அம்மா அடுப்பில் எரியாத விறகை எடுத்து ஒரு பக்கமாக வைத்தாள். செத்தவீட்டில் அடுப்பு எரிவதில்லை, விறகைத் தள்ளிவைக்க வேண்டிய தேவையும் இல்லை. அண்ணன் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு வெளியே போனான்.

மரண விசாரணை அதிகாரி ஒன்பது மணிக்குக் காரில் வந்தார். வயதான மனிதர். குடையை மடித்துச் சுவரில் சாத்திவிட்டு, விறாந்தையில் போட்ட கதிரையில் இருந்து, மடியில் கொப்பியை விரித்தார். முதலில் இலட்சுமியைக் கூப்பிட்டார்.

"அனுங்கிற சத்தம் கேட்டு ஓடி வந்தனான் ஐயா. இந்த விறாந்தையிலதான் சுருண்டு கிடந்தவர். கையும் காலும் இழுத்துக்கொண்டு, வாயில நுரை. என்னைக் கண்டிட்டு, 'மருந்தை முடிச்சிட்டன், பிள்ளைக்குச் சொல்லு' எண்டவர். ரெண்டு தரம் சொன்னவர். பிறகு கதையில்லை."

"குடிச்சிட்டன் எண்டவரோ, முடிச்சிட்டன் எண்டவரோ?"

"முடிச்சிட்டன் எண்டுதான். குடிச்சு முடிச்சிட்டன் எண்டதுதானே ஐயா அது."

"பிள்ளை எண்டது ஆரை?"

இலட்சுமி இராசேஸ்வரியைப் பார்த்தாள். விறாந்தையில் இருந்த அத்தனை முகமும் இராசேஸ்வரியின் பக்கம் திரும்பின. சாகும்போதும் என்னைக் குற்றம்சாட்டிவிட்டல்லவா போனார் என்று நினைத்தாள். நினைத்த உடனே அப்படி நினைத்ததற்காகவும் வெட்கப்பட்டாள்.

"சரி, போத்தல் எங்க?" என்று கேட்டார் அதிகாரி.

அங்கேதான் எல்லாம் தடக்கியது. போத்தலை ஒருவரும் காணவில்லை. விறாந்தையில் இல்லை, கட்டிலுக்குக் கீழே இல்லை, அது வழக்கமாக இருக்கும் கூரைச் சந்திலும் இல்லை. விதானையார் நாலு பேரை வைத்துத் தேடுவித்தார்.

"குடிச்ச மனுசனுக்குப் பக்கத்தில போத்தல் கிடக்கும்" என்றார் அதிகாரி. "இல்லையெண்டால் வேற ஆரோ எடுத்திருக்கினம். ஆர் எடுத்தது, என்னத்துக்கு எடுத்தது எண்டு தெரியாமல் நான் ஒண்டும் எழுதேலாது. பிரேதத்தை வவுனியாவுக்கு அனுப்பித்தான் பாக்கவேணும்."

வவுனியாவுக்கு அனுப்புவது என்றால் வெட்டிப் பார்ப்பது. அம்மா வாயில் சேலையை அடைத்துக்கொண்டாள். தற்கொலை என்று ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு அந்த வீட்டுப் பெண்ணை யார் பார்க்க வருவார்கள் என்று ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னது இராசேஸ்வரிக்குக் கேட்டது. அவளுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. ஐயா என்னால் குடித்தாரா இல்லையா, அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. வெட்டிப் பார்த்தால்கூட மருந்து இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஏன் என்று எந்த டொக்டரும் சொல்லமாட்டார்.

அந்த நேரத்தில் கச்சு முகம்மது சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதிகாரியிடம் தலையசைவில் அனுமதி வாங்கி, பிரேதத்துக்குப் பக்கத்தில் குந்தினார். நெடுநேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாவைத் துடைச்சதோ ஆரும்?"

"இல்லை. நான் விடேல்லை" என்றார் விதானையார், கொஞ்சம் பெருமையோடு.

"நல்லதாய்ப் போச்சு. இது கிடக்கிற முகத்தில கொட்டின மா இல்லை. அப்பிடியெண்டால் நெத்தியிலயும் கன்னத்திலயும் படிஞ்சிருக்கும். இது புருவத்துக்குக் கீழ்ப்பக்கம் ஒட்டியிருக்கு, மூக்குத் துவாரத்துக்குள்ள இருக்கு. அண்ணாந்து நிண்டு வேலை செய்த முகம் இது."

பிறகு ஏணி கேட்டார். ஏறி, ஒவ்வொரு மரமாகத் தடவிக்கொண்டு போனார். கத்தியால் ஓரிடத்தில் சுரண்டினார், வேறோர் இடத்தில் குத்தினார். கீழே இறங்கியபோது அவருடைய முகம் மாறியிருந்தது.

"மெழுகு இன்னும் இளக்கமாய்க் கிடக்கு. எட்டு மரம் ஐயா. எட்டும் முடிஞ்சிருக்கு. ஒரு துவாரம் விடேல்லை. ரெண்டு மாசத்து வேலையை இந்த மனுசன் ஒரு நாளில செய்திருக்கு."

"மரத்தில ஏதும் மிச்சமிருக்கோ?" என்று கதிர்காமநாதன் கேட்டான்.

"என்ன தம்பி கேள்வி இது? உளு தின்னுறது வெளிறை மட்டும்தான். விரல் மொத்தத்துக்கு மேலால மா. உள்ளுக்கு வைரம் அப்பிடியே கல்லு மாதிரி. இன்னும் அம்பது வருசத்துக்கு இந்த வீடு ஆரின்ர தலையிலயும் விழாது. இதை நான் அண்டைக்கே உங்கட ஐயாட்டச் சொன்னனானே."

இராசேஸ்வரி எழுந்து உள்ளே போனாள். தையல் மெசினுக்கு மேலே எண்ணெய்க் குப்பி கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தாள், மண்ணெண்ணெய் மணம்கூட இல்லை, மேலே உளுமா படிந்திருந்தது. நேற்று அவர் இதைத் தொடவில்லை. இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அப்படியென்றால் எட்டு மரத்துக்கும் எதனால் விட்டார்?

பின்வாசலால் இறங்கி நடந்தாள். கிணற்றுக்கட்டில் சவர்க்காரம் தேய்த்துக் கழுவிய நுரை வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. அதற்கு அப்பால், வாழைகளுக்கிடையில் மண்வெட்டி சாத்தியபடி நின்றது. அவள் நின்றுவிட்டாள். வேலை முடிந்தால் மண்வெட்டியைக் கழுவி மாட்டுக்கொட்டில் ஆணியில் மாட்டாமல் ஐயா வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார். பிள்ளைகள் யாராவது வெளியில் விட்டால் அன்று முழுக்கப் புறுபுறுப்பார். அலகில் மண் அப்பியபடி அது நின்றது. கொட்டில் இருபது அடிக்கு அப்பால்தான். அந்த இருபது அடியை அவரால் நடக்க முடியவில்லை.

மண்வெட்டிக்குப் பக்கத்தில் மண்ணைக் கிண்டி மூடி, காலால் மிதித்து இறுக்கி, மேலே ஈச்சமுள்ளு வெட்டிப் பரப்பியிருந்தது. கையில் முள் ஏறியதை அவள் கவனிக்கவில்லை. மேல்மண்ணை வழித்ததும் போத்தலின் அடிப்பக்கம் தெரிந்தது. அதற்குமேல் தொடவில்லை.

"அண்ணை!" என்று கத்தினாள். நேற்றிலிருந்து அவள் குரல் எடுத்தது அப்போதுதான்.

எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள். விதானையார் தானே குந்தியிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாழையிலையில் வைத்தார். தக்கை அடித்து, தலைகீழாகத் தாட்ட போத்தல், ஒரு துளி இல்லாமல் வெறுமையாக. மருந்து கலக்கும் எனாமல் கோப்பை. கோப்பையின் அடியில் ஆணியால் அடித்த மூன்று ஓட்டை. பிறகு பப்பாசி இலைத்தண்டில் வெட்டிய குழல்கள் நாலைந்து. ஒன்றின் நுனி பல் பட்டு நசிந்திருந்தது.

கச்சு முகம்மது அந்தக் குழலை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"யா அல்லாஹ். வாயால இழுத்திருக்கு. இழுத்து, துவாரத்துக்குள்ள ஊதியிருக்கு. மண்ணெண்ணெய் இழுக்கிற மாதிரி."

அந்தக் குடியேற்றத்தில் அப்படி இழுக்காத வீடு இல்லை. தகரத்திலிருந்து விளக்குக்கு எண்ணெய் விடுவதென்றால் பப்பாசிக் குழலை வைத்து ஓர் இழுப்பு, வாய்க்குள் வந்ததைத் துப்பிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இலட்சுமி தன்னையறியாமல் சேலையால் வாயைத் துடைத்தாள். "நானும் முந்தாநாள் இழுத்தனான்" என்றாள். அவளுடைய குரலில் முதல் தடவையாகப் பயம் இருந்தது.

அதிகாரி போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். கொப்பியைத் திறந்தார்.

"சாகக் குடிக்கிறவன் குழல் வெட்டிக்கொண்டிருக்கமாட்டான். குடிச்சுப்போட்டு, போத்தலைத் தாட்டு, நாய் கிண்டாமல் முள்ளும் வைக்கமாட்டான்" என்றார். "முடிச்சிட்டன் எண்டது வேலையை. மரத்துக்கு விடுற மருந்து தவறுதலாய் உள்ளுக்குப் போய் மரணம். அப்பிடித்தான் எழுதப்போறன்."

கதிர்காமநாதன் அப்படியே நிலத்தில் குந்தி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். இது வேறு அழுகை. சுற்றி நின்றவர்களின் தோள்கள் தளர்ந்தன. ஐயர் வருவாரா, எத்தனை மணிக்கு எடுப்பது என்று ஆண்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

கச்சு முகம்மது மட்டும் ஓட்டைக் கோப்பையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"வெறும் கோப்பை. இதை ஏன் ஓட்டையாக்கினது? வேற ஆரும் எடுத்துக் குடிக்காமல் இருக்கவோ? கிழமைக்கு ஒண்டு, கிழமைக்கு ஒண்டெண்டு எத்தினை தரம் சொன்னனான். ஓம் நானா, ஓம் நானா எண்டு கேட்ட மனுசன். நேத்து மட்டும் என்ன அவசரம் வந்தது?"

இராசேஸ்வரிக்கு அப்போதுதான் விளங்கியது.

மருந்தை முடிச்சிட்டன், பிள்ளைக்குச் சொல்லு. நேற்றிலிருந்து அந்தச் சொல்லை அவள் ஒரே விதமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், நீ சொன்னபடி குடித்துவிட்டேன் என்று. அவர் சொன்னது அதுவல்ல. போத்தலில் ஒரு துளி இல்லை, வீட்டில் இனி மருந்து இல்லை, பிள்ளைக்கு அதைச் சொல்லு. ஊற்றி விட்டிருக்கலாம்தான். ஆனால் கிணறும் மாடும் உள்ள வளவு, எங்கே ஊற்றுவது? அதோடு வீட்டையும் அவளுக்காகக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அவள் மிளகாய் ஆய்ந்துவிட்டுத் திரும்பி வருமுன் முடிக்கவேண்டும். எண்ணெய்க் குப்பியால் துளி துளியாக விட்டால் முடியாது. அவளை அவர் ஒரு சொல் ஏசவில்லை. அவள் சொன்னதை நம்பினார், அவ்வளவுதான்.

குடித்துச் செத்தாரென்றால்கூடத் தாங்கியிருக்கலாம் போலிருந்தது.

"நானா" என்றாள். "நேற்றுக் காலமை நான்தான்..."

"மழைக்கு முந்தி முடிக்கவேணும் எண்டவர்."

அம்மா குரலை உயர்த்தவில்லை. கிணற்றடிக்கு இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்த அன்னபாக்கியம் இப்போது தனியாக நின்றாள். அவளுடைய கண் மகள்மேல் இருந்தது. "மாரி வருது, அதுக்கு முந்தி முடிக்கவேணுமெண்டு நிண்டவர். அதுதான் அவசரம்."

கச்சு முகம்மது அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். ஆவணி மாதத்து வானத்தில் கையளவு மேகமும் இல்லை. அவர் தாயைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கோப்பையை வாழையிலையில் வைத்துவிட்டு, "ஓம், இருக்கும்" என்றார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. அரப்பும் எண்ணெயும் வைத்துக் குளிப்பாட்டினார்கள். புருவத்து மாவை இராசேஸ்வரி தன் கையால் துடைத்தாள், இப்போது யாரும் தடுக்கவில்லை. துணியில் ஒட்டிய மா வெள்ளையாக இருந்தது. நாலு மணிக்குப் பிரேதம் எடுத்தார்கள். பெண்கள் படலையோடு நின்றுவிட்டார்கள். பறைச் சத்தம் குளக்கட்டைத் தாண்டிப் போகும்வரை நின்று, பிறகு வந்து வீட்டைக் கழுவினார்கள்.

தாயும் மகளும் அந்தத் தீராந்திக்குக் கீழே தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

"அம்மா, நான் அண்ணையிட்டச் சொல்லப்போறன்."

அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "சொல்லி? அவன் உன்னை மன்னிக்கவோ, இல்லாட்டி மன்னிக்காமல் விடவோ? ரெண்டில எதைத் தாங்குவாய்?"

"எனக்கு நெஞ்சு வெடிக்குது."

"வெடிக்கட்டும். எனக்கும் வெடிக்குது. நானும் அகப்பையோட நிண்டு கேட்டுக்கொண்டுதானே நிண்டனான். வாயை மூடடி எண்டு ஒரு சொல்லு சொன்னனானே?" அம்மா துணியைப் பிழிந்தாள். "அந்த மனுசன் தாட்டு முள்ளும் வைச்சிட்டுப் போயிருக்கு. நீ கிண்டாதை."

கழுவி முடிந்ததும், ஐயாவின் தலை கிடந்த இடத்தில் ஒரு விளக்கும் ஒரு செம்பு நிறையத் தண்ணீரும் வைத்தார்கள். முப்பத்தோராம் நாள் வரைக்கும் அது அங்கே இருக்கும். செத்தவர் வந்து குடிக்கிற தண்ணீர், காலையில் மாற்றி வைக்கவேண்டும். தீராந்திக்கு நேரே கீழே அந்த இடம்.

மூன்றாம் நாள் காடாத்து. சாம்பல் அள்ள ஆண்கள் விடியவே புறப்பட்டுப் போனார்கள். இராசேஸ்வரி குசினியில் முகம் கழுவிவிட்டு, புதுத் தண்ணீர் அள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். பழக்கத்தில் மற்றக் கையில் சிரட்டை மூடியையும் எடுத்து வந்துவிட்டாள். மூன்று நாளாக அந்தச் செம்பை மூடாமல் வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

குந்தியிருந்து பார்த்தாள். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. செம்புத் தண்ணீரின் மேல் ஒரு தூசி மாவும் இல்லை. அடியில் செம்பின் சிறிய வடு வரைக்கும் தெரிந்தது. மேற்பரப்பில் தீராந்தியின் நிழல் குறுக்கே கிடந்தது, துவாரத்துக்குத் துவாரம் மெழுகு அடைத்தபடி.

"என்னடி, தண்ணி மாத்தினியோ?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஓம்" என்றாள், சிரட்டையை மடியில் வைத்துக்கொண்டு.